பத்துப் பேர், ஒரு வேன், காலிக் கோட்டை

வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குக் காலி வீதி என்றால் பஸ் ஏறும் இடம், புடவைக் கடை, சாப்பாட்டுக் கடை, மஞ்சள் கோட்டில் காத்து நின்று பாதையைக் கடக்கும் இடம். அந்த வீதி எங்கே போகிறது என்று கேட்டால் "காலிக்குத்தான்" என்று எல்லோரும் சொல்வார்கள். காலிக்குப் போயிருக்கிறீர்களா என்றால் அதற்கும் "ஓம்" என்பார்கள். கோட்டையில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால்தான் பதில் சுருங்கிவிடும். வெளிச்சவீடு, மதில், கடல், நாலு செல்ஃபி.

நாங்கள் ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் போன காலியும் அவ்வளவுதான். இரண்டு பஸ், தொண்ணூறு பேர், ஒரே நாளில் ஏழு இடம். ஒலிபெருக்கியில் பாட்டு, பாட்டுக்கு நடுவே "எல்லாரும் இறங்குங்க, நாப்பது நிமிஷம்" என்றொரு அறிவித்தல். நாற்பது நிமிடத்தில் பாதி மலசலகூட வரிசையில் போனது. மீதியில் மதிலில் ஏறிப் படம் எடுத்தோம். வரலாறு கற்பிக்கப் போகிற தொண்ணூறு பேருக்கு அந்தக் கோட்டையைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் ஒரு வசனம் சொல்லவில்லை.

சென்ற விடுமுறையில் அதே கோட்டைக்கு வேறு விதமாகப் போய் வந்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம். நீண்ட பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

யோசனை வந்த இடம் வேடிக்கையானது. எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு மிஸ் மெக்சிகோ பற்றிய காணொளி ஒன்றைக் காட்டினார். மெக்சிகோ நகருக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் காலையில் ஒரு சிறு வேனில் ஏறி, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் புவெப்லா என்ற பழைய நகருக்குப் போகிறார்கள். எட்டுப் பத்துப் பேர்தான். கூடவே ஒரு வழிகாட்டி. நடந்து நடந்து தெருக்களைப் பார்த்து, அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, பின்னேரம் திரும்பி விடுகிறார்கள். புவெப்லா 1531இல் ஸ்பானியர் கட்டிய நகரம். 1987இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1988இல், அதே பட்டியலில் சேர்ந்தது எங்கள் காலி.

"ரெண்டு மணித்தியாலத்தில எங்களுக்கும் ஒரு ஊர் இருக்குதே" என்றார் வெள்ளவத்தைச் சேர் ஒருவர். அதோடு பேச்சு முடிந்து திட்டம் தொடங்கியது.

பத்துப் பேர் சேர்ந்தோம். கொட்டாஞ்சேனையிலிருந்து ஆறு பேர், வெள்ளவத்தையிலிருந்து நாலு பேர். ஐந்து பேர் முஸ்லிம்கள், மூவர் சைவர்கள், இருவர் கத்தோலிக்கர்கள். வரலாறு, தமிழ், கணிதம், ஆரம்பப் பிரிவு என்று எல்லாப் பாடமும் இருந்தது. பத்துக்கு மேல் வேண்டாம் என்பதில் எல்லோரும் உறுதியாக இருந்தோம். பத்துப் பேர் என்றால் ஒருவர் மெதுவாகப் பேசினாலும் எல்லோருக்கும் கேட்கும். ஒடுங்கிய தெருவில் நின்றாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஒருவர் கேள்வி கேட்டால் மற்ற ஒன்பது பேருக்கும் அது பாடமாகும்.

வேன் கிடைப்பது சுலபம். வழிகாட்டிதான் கிடைக்கவில்லை. சிங்களத்தில் சொல்ல ஆள் இருந்தார்கள். ஆங்கிலத்துக்கு நிறையப் பேர். பிரெஞ்சு, ஜேர்மன் மொழிகளுக்கும் இருந்தார்கள். தமிழில் கோட்டையைச் சொல்லித் தர ஒருவர் வேண்டும் என்று கேட்டபோது தொலைபேசியின் மறுபக்கத்தில் சிறு மௌனம். கடைசியில் ஒரு நண்பர் மூலம் ஒரு தம்பி அகப்பட்டார். கோட்டைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர், முறையாக உரிமம் பெற்ற வழிகாட்டி. வீட்டில் பேசுவது தமிழ். ஆனால் வேலை முழுக்க ஆங்கிலத்தில். "மிஸ், நான் இது வரைக்கும் தமிழ்ல டுவர் செஞ்சதே இல்ல. செஞ்சு பாக்கிறன்" என்றார்.

சுபஹ் தொழுத கையோடு கொட்டாஞ்சேனையில் வேன் புறப்பட்டது. வெள்ளவத்தையில் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு கொட்டாவையில் அதிவேக நெடுஞ்சாலைக்குள் நுழைந்தோம். 2011இல் திறந்த இந்தத் தெற்கு நெடுஞ்சாலைதான் நாட்டின் முதல் அதிவேகப் பாதை. கடலோர வீதியில் மூன்று மணி நேரத்தைத் தின்னும் பயணம் இதில் பாதியாகிறது. எட்டரைக்கு முன்னரே பின்னதூவயில் இறங்கி காலி நகருக்குள் வந்துவிட்டோம். அந்த நேரத்தில் கோட்டைக்குள் வெயிலும் இல்லை, கூட்டமும் இல்லை. பள்ளிக்கூடம் போகாத சில பிள்ளைகள் மதிலடியில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

தம்பி எங்களைப் பெரிய வாசலால் கூட்டிப் போகவில்லை. அது ஆங்கிலேயர் 1873இல் திறந்த வழி. துறைமுகப் பக்கத்துப் பழைய வாசலுக்குக் கொண்டுபோனார். வெளிப்பக்கம் பிரித்தானிய முத்திரை. உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம், சிங்கங்கள், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. ஒரே வாசலின் இரண்டு பக்கத்திலும் இரண்டு எசமான்கள்.

அங்கே நின்றபடி தமிழில் பேசத் தொடங்கினார். போர்த்துக்கேயர் வந்தது, 1640இல் ஒல்லாந்தர் பிடித்தது, 1796இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது எல்லாம் சரளமாக வந்தது. பிறகு மதிலைக் காட்டி, "இங்க மொத்தம் பதினாலு..." என்று சொல்லி நின்றுவிட்டார். ஆங்கிலத்தில் ஆயிரம் தடவை சொன்ன சொல். தமிழில் அவரிடம் இல்லை.

"கொத்தளம்" என்றார் தமிழ் கற்பிக்கும் மிஸ்.

"கொத்தளம்" என்று ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார் தம்பி. பிறகு, "இங்க மொத்தம் பதினாலு கொத்தளம் இருக்குது" என்றார். எங்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, அந்த ஒரு வசனத்தில் எல்லோருக்கும் சந்தோசம். அதற்குப் பிறகு அன்றைய நாள் முழுக்க இதுதான் நடந்தது. அவர் கதையைத் தந்தார், நாங்கள் சொல்லைக் கொடுத்தோம். அகழி, கிட்டங்கி, பாய்மரம், நங்கூரம். பின்னேரம் ஆகும்போது அவர் தேடாமலே பேசினார்.

சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று பெயர் வைத்த மூன்று கொத்தளங்களும் நிலப்பக்கத்தைப் பார்த்து நிற்கின்றன. எதிரி தரைவழியாக வரக்கூடிய பக்கம் அதுதான். மதிலைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கருங்கல்லோடு கடலில் எடுத்த முருகைக்கல்லும் சேர்ந்திருக்கும். திட்டம் ஐரோப்பாவினுடையது. கல்லும் சுண்ணாம்பும் தூக்கி வைத்த கையும் இந்த மண்ணுடையவை. கோட்டைக்குள் 52 ஹெக்டேயர் நிலம். ஒல்லாந்தர் அதன் கீழே கழிவுக் கால்வாய்களை அமைத்தார்கள். கடல் பொங்கும்போது நீர் உள்ளே வந்து அழுக்கை அடித்துக்கொண்டு போகும் ஏற்பாடு. கணித சேருக்கு மதிலை விட அதில்தான் ஆர்வம். தம்பியை அரை மணி நேரம் விடவில்லை.

மதிலில் நின்றால் கிரிக்கெட் மைதானம் தெரிகிறது. 2010 ஜூலையில் முரளிதரன் தனது 800வது விக்கெட்டை எடுத்த இடம். எங்கள் வகுப்பறையில் ஒரு பையனாவது இதைக் கேட்டால் காலி என்ற சொல்லை மறக்கமாட்டான் என்று ஆரம்பப் பிரிவு மிஸ் உடனே குறித்துக்கொண்டார்.

கொழும்புக்காரர்களான எங்களுக்கு ஒரு கேள்வி இருந்தது. கொழும்பிலும் கோட்டை இருந்ததே. பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது, மதில் எங்கே? தம்பி சொன்னது இது. ஆங்கிலேயர் 1870 அளவில் கொழும்பின் மதில்களை இடித்தார்கள். பிறகு 1875இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு அத்திவாரம் போட்டு 1885இல் முடித்தார்கள். அதுவரைக்கும் நீராவிக் கப்பல்கள் வந்து நின்ற துறை காலி. அலைதடுப்பு முடிந்ததும் கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பின. வணிகம் போன ஊரில் யாரும் புதிதாக எதையும் கட்டவில்லை, பழையதை இடிக்கவும் இல்லை. காலி அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கு உலகம் பார்க்க வருவது அந்த நின்றுபோன ஊரைத்தான்.

பெட்லர் வீதிக்கு வந்தோம். இப்போது முழுக்க ஐஸ்கிரீம் கடையும் உடுப்புக் கடையும். ஒல்லாந்தர் காலத்தில் இந்தத் தெருவின் பெயர் "மூர்ஸ் கிராமர் ஸ்திராத்". சோனக வியாபாரிகளின் தெரு என்று அர்த்தம். எங்கள் ஐந்து பேருடைய பிறப்புச் சான்றிதழிலும் "இலங்கைச் சோனகர்" என்று இருக்கிறது. அந்தத் தெருவில் நின்று அதை நினைத்துப் பார்த்தபோது உடம்பு ஒரு முறை சிலிர்த்தது.

"மூர்" என்ற பெயர் போர்த்துக்கேயர் கொண்டுவந்தது. ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் நூற்றாண்டுகளாக இருந்த வட ஆபிரிக்க முஸ்லிம்களை அவர்கள் அழைத்த பெயர். இங்கே வந்தும் முஸ்லிமைக் கண்டதும் அதே பெயரை ஒட்டினார்கள். மெக்சிகோ காணொளி காட்டிய மிஸ் இந்த இடத்தில் நினைவுபடுத்தினார், புவெப்லாவின் வீட்டுச் சுவர்களில் பதித்திருக்கும் வர்ண ஓடுகளும் ஸ்பெயின் முஸ்லிம் கைவினைஞரிடம் கற்று, கடல் தாண்டிக் கொண்டுபோன கலைதான். ஒரே காலத்தில், ஐரோப்பாவின் ஒரே மூலையிலிருந்து, அங்கே ஒரு கைத்தொழில் போனது. இங்கே எங்களுக்கு ஒரு பெயர் வந்தது.

அடுத்தது ஒல்லாந்தர் தேவாலயம். 1755இல் கட்டி முடித்தது. கொட்டாஞ்சேனைக்காரர்களுக்கு இது புதிய முகம் இல்லை. எங்கள் பாதையில் நாளும் காண்கிற வுல்வெண்டால் தேவாலயம் இதனுடைய உடன்பிறப்பு மாதிரி. அதற்கு 1749இல் அத்திவாரம், 1757இல் நிறைவு. உள்ளே தரை முழுக்கக் கல்லறைக் கற்கள் என்று தம்பி சொல்லிக்கொண்டே போனார்.

இங்கே ஒன்றை எழுதத்தான் வேண்டும். கொச்சிக்கடை எங்களுக்குப் பக்கத்து இடம். 2019 ஏப்ரல் 21 எங்களுக்குச் செய்தி அல்ல, காதால் கேட்ட சத்தம். அன்றைக்குப் பிறகு அபாயா அணிந்த எங்களுக்கு ஒரு தேவாலய வாசலில் கால் தயங்கும். யாரும் எதுவும் சொல்லாவிட்டாலும் தயங்கும். உள்ளே இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற ஒரு கணம். காலியிலும் அந்தக் கணம் வந்தது. ஐந்து பேரும் படியில் நின்றுவிட்டோம்.

எங்களோடு வந்த கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க மிஸ் உள்ளே போய், நாங்கள் வராததைக் கண்டு திரும்பி வந்தார். அந்த ஏப்ரலில் தன் தெருவில் மூன்று வீட்டு மரணத்துக்குப் போனவர் அவர். ஒன்றும் கேட்கவில்லை. முன்னால் நின்றவரின் கையைப் பிடித்து, "வாங்க மிஸ், எல்லாரும் ஒண்டாத்தானே வந்தம்" என்றார். போனோம். உள்ளே இருந்த வயதான காவலாளி எங்களைப் பார்த்துத் தலையசைத்து, மின்விசிறியைப் போட்டுவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. பெரிய பஸ்ஸில் தொண்ணூறு பேராக வந்திருந்தால் படியில் நின்ற ஐந்து பேரை ஒருவரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

லுஹர் நேரம் வெளிச்சவீட்டடிக்கு வந்தோம். இப்போதுள்ள வெளிச்சவீடு 1939இல் கட்டியது. அதற்கு முந்தியது 1848இல் எழுப்பி 1934இல் தீயில் அழிந்தது. அதற்கு எதிரே மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல். வெளியூரார் பலர் அதைத் தேவாலயம் என்று நினைத்துப் படம் எடுப்பார்களாம். அப்படித்தான் இருக்கிறது, இரண்டு கோபுரமும் வளைவான முகப்புமாக. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கட்டடம் இது. கிட்டவே பஹ்ஜதுல் இப்ராஹீமிய்யா அரபுக் கல்லூரி, நூறு ஆண்டைத் தாண்டியது.

ஆண்கள் பள்ளிக்குப் போனார்கள். பெண்களைத் தம்பி தன் மாமியின் வீட்டுக்குக் கூட்டிப் போனார். தொழத்தான் போனோம். ஆனால் அந்த மாமி சைவ மிஸ்மாரையும் கத்தோலிக்க மிஸ்ஸையும் வெளியே நிற்க விடவில்லை. "வெயிலுக்குள்ள என்னத்துக்கு மகள் நிக்கிற? உள்ளுக்கு வாங்க" என்று எல்லோரையும் விறாந்தையில் இருத்தினார். நாங்கள் தொழுது வருவதற்குள் அவர்களுக்குப் பிளேன்டீயும் தொதலும் வந்திருந்தது.

அந்த வீட்டை நன்றாகப் பார்த்தோம். முன்னுக்குத் தூண் வைத்த விறாந்தை, நடுவில் வானம் தெரியும் முற்றம், இரண்டு முழத் தடிப்பில் சுவர். மாமியின் வாப்பா காலத்து வீடு. அவரிடம் தெருவைப் பற்றிக் கேட்டோம்.

"நாங்க சின்னப் புள்ளயா இருக்கக்குள்ள இந்தத் தெருவுல எல்லாம் எங்கட ஆக்கள்தான். நோம்பு காலத்துல ஒரு வீட்டுக் கஞ்சி மத்த வீட்டுக்குப் போகும். இப்ப இந்தப் பக்கம் ஹோட்டல், அந்தப் பக்கம் ஹோட்டல். கஞ்சி குடுக்கிறதுக்கு வீடில்ல மகள்."

2000களின் தொடக்கத்தில் வெளிநாட்டவர் இங்கே வீடு வாங்குவதற்கான வரியைச் சில காலம் நீக்கினார்கள். அந்தக் காலத்தில் கோட்டைக்குள் வீடு வீடாக விற்பனையானது. விற்றவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு வீட்டை ஐந்து சகோதரர்களுக்குப் பிரிக்க வேண்டும். பழைய கூரையைத் திருத்த மரபுரிமைச் சட்டப்படி அனுமதி வேண்டும், அதற்கேற்ற ஓடும் மரமும் வேண்டும், காசு வேண்டும். அந்த விலையில் நகருக்கு வெளியே இரண்டு வீடு கட்டலாம் என்றால் யார்தான் விற்கமாட்டார்? இடிந்து போகவிருந்த சில வீடுகள் அப்படி வாங்கியவர்களின் பணத்தால் நிமிர்ந்ததும் உண்மை. மாமியும் அதைச் சொன்னார். "வடிவாத்தான் வச்சிரிக்கிறாங்க. ராவைக்கு லைட் போட்டா மாளிகை மாதிரி. ஆனா சலாம் சொல்ல ஆளில்ல."

உலக மரபுரிமைச் சட்டங்கள் சுவரைக் காப்பாற்றும். கதவின் உயரத்தையும் ஓட்டின் நிறத்தையும் காப்பாற்றும். அந்தச் சுவருக்குள் யார் இருந்தார்கள் என்பதைச் சட்டம் காப்பாற்றாது. இருந்தவர்கள் சொல்லி, கேட்டவர்கள் திருப்பிச் சொன்னால்தான் அது மிஞ்சும். அந்தக் கதையை மாமி சொல்வது தமிழில். காலிக் கோட்டையில் தமிழில் கதை கேட்க வருபவர்கள் இல்லை என்பதுதான் எங்கள் மனதை அரித்தது. தமிழில் கேட்க ஆளில்லாததால் வழிகாட்டிக்குத் தமிழ்ச் சொல் தேவைப்படவில்லை. வழிகாட்டியிடம் தமிழ் இல்லாததால் தமிழ்ப் பாடசாலைகள் படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றன. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

பகல் சாப்பாடு அந்த வீட்டுக்குப் பக்கத்துச் சிறு கடையில். சோறு, மீன் ஆணம், பருப்பு, மாசிச் சம்பல், கடைசியில் வட்டிலப்பம். சைவ மிஸ்மாருக்காக மரக்கறியைத் தனிப் பாத்திரத்தில் வைக்கச் சொல்லித் தம்பி முதல் நாளே ஏற்பாடு செய்திருந்தார்.

சாப்பிட்டபின் துறைமுகம் தெரியும் பக்கத்து மதிலில் மரநிழலில் இருந்தோம். இப்போது தம்பி கேட்டார், வரலாற்றுச் சேர் சொன்னார். அவர் சொன்னது கொழும்பு நூதனசாலையில் இருக்கும் ஒரு கல்லைப் பற்றி.

1911இல் காலியில் ஒரு பொறியியலாளர் பாதையோர மதகு ஒன்றை மூடியிருந்த கல்லைப் புரட்டினார். அதில் எழுத்து இருந்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த கல். அவர் யுனான் மாகாணத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்கு, அதாவது இன்றைய தெவிநுவரையில் கோயில் கொண்டிருந்த தெய்வத்துக்கு. பொன், வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் இருக்கிறது. ஒல்லாந்தரும் போர்த்துக்கேயரும் வருவதற்கு முன்னர், இந்தக் கரையில் கப்பலை விட்டு இறங்கும் ஒருவர் மூன்று கூட்டத்தாரிடம் பேச வேண்டியிருந்தது. அதில் ஒரு மொழி தமிழ்.

அதற்கும் முந்தி, 1344இல், இப்னு பதூதா இந்த வழியால் போனார். தெவிநுவரையின் பெரிய கோயிலைப் பார்த்து, அங்கிருந்து காலிக்கு வந்தார். அவருடைய பயணக் குறிப்பில் காலி ஒரு சிறிய ஊர். அங்கே இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் அவரை வரவேற்று விருந்தளித்தார்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சேர், நான் எல்லாருக்கும் 1505இலிருந்துதான் கதையத் தொடங்கிற" என்றார். சேர் சிரித்துக்கொண்டு, "எங்கட புத்தகத்திலயும் காலி எண்டா ஒல்லாந்தர்தான் தம்பி. நாங்களும் அதைத்தான் சொல்லிக் குடுக்கிறம். இனி ரெண்டு பேரும் கொஞ்சம் முன்னுக்கிருந்து தொடங்குவம்" என்றார்.

பின்னேரம் திரும்பும்போது நெடுஞ்சாலையை விட்டுக் கடலோரமாகவே வந்தோம். பெரலியவில் சுனாமி நினைவிடத்தில் சிறிது நேரம் நின்றோம். 2004 டிசம்பர் 26 அன்று கொழும்பிலிருந்து புறப்பட்ட ரயில் இங்கேதான் அலையில் அகப்பட்டது. ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். வெள்ளவத்தை ஸ்டேஷனைத் தாண்டிப் போன ரயில் அது. அதே நாளில் காலி பஸ் நிலையத்தை வெள்ளம் வாரிக்கொண்டு போனபோது, முந்நூறு ஆண்டுப் பழைய மதில் கோட்டைக்குள் இருந்தவர்களைப் பெரும்பாலும் காத்தது. எதிரியின் பீரங்கிக்காகக் கட்டிய மதில், கட்டியவர்கள் நினைத்துப் பாராத ஒன்றைத் தடுத்தது. வேனுக்குள் அதன்பிறகு அதிகம் பேச்சில்லை.

வந்து ஒரு கிழமைக்குள் இரண்டு வேலை செய்தோம். ஒன்று, கோட்டையில் சொல்ல வேண்டிய விடயங்களைத் தமிழில் நாலு பக்கத்துக்கு எழுதித் தம்பிக்கு அனுப்பினோம். சொற்பட்டியலைத் தமிழ் மிஸ் தயாரித்தார், தொடக்கப் பக்கத்தை வரலாற்றுச் சேர் எழுதினார். அது 1344இல் தொடங்குகிறது. இரண்டு, அடுத்த தவணையில் தரம் 9 பிள்ளைகளைப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகக் கூட்டிப் போவதற்கு அதிபரிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். ஒரு பஸ்ஸில் ஐம்பது பேரைக் கொண்டுபோனால் செலவு குறையும் என்பது தெரியும். ஒரு பிள்ளைக்கு மதிலைக் காட்ட ஐம்பது பேர் பஸ் போதும். மாமி வீட்டு விறாந்தையில் ஐம்பது பேர் இருக்க முடியாது.

போக நினைப்பவர்களுக்குச் சில விடயங்கள்:

முதலில் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போய் அந்த மூன்று மொழிக் கல்லைப் பாருங்கள். பிறகு காலிக்குப் போங்கள். கல் கிடைத்த ஊர் அப்போதுதான் வேறு மாதிரித் தெரியும்.

எட்டரைக்கு முன்னர் கோட்டைக்குள் இருங்கள். பதினொரு மணிக்குப் பிறகு மதிலில் நிழல் இல்லை. பிள்ளைகள் என்றால் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். கடற்பக்க மதில்களுக்குத் தடுப்பு இல்லாத இடங்கள் உண்டு, கவனம்.

வேன், நெடுஞ்சாலைக் கட்டணம், வழிகாட்டி, சாப்பாடு எல்லாம் பத்தாகப் பிரித்தபோது ஆளுக்கு ஐயாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் வந்தது. ஆசிரியர் சம்பளத்தில் சின்னக் காசு இல்லை. இரண்டு மாதம் சேர்த்தோம்.

உரிமம் உள்ள வழிகாட்டியையே பிடியுங்கள், பேசிய காசைக் குறைக்காதீர்கள். எந்த மொழியில் வேண்டும் என்று கேட்டால் கூச்சப்படாமல் தமிழ் என்று சொல்லுங்கள். இல்லை என்று சொன்னாலும் பரவாயில்லை, கேட்ட எண்ணிக்கை கூடினால் ஆள் வருவார்கள்.

வீதியில் படம் எடுக்கும்போது திறந்திருக்கும் கதவுகளுக்குள் கமராவை நீட்ட வேண்டாம். அவை இன்னும் சிலருடைய வீடுகள். ஒரு சலாமோ வணக்கமோ சொல்லிப் பாருங்கள். அதற்குப் பதில் சொல்ல இன்னும் ஆள் இருக்கிறார்கள்.

தம்பி போன கிழமை குரல்பதிவு அனுப்பியிருந்தார். மாத்தறையிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம், ஏழு பேர், அவரைப் பிடித்துத் தமிழில் கோட்டை பார்த்திருக்கிறார்கள். "மிஸ், கொத்தளம் எண்டு நான் சொல்ல, அந்த வீட்டுச் சின்னவன் அப்பிடி எண்டா என்னெண்டு கேட்டான். நான் விளங்கப்படுத்தினன்" என்று சொல்லியிருந்தார்.

அவருடைய இலக்கம் வேண்டுமானால் உள்பெட்டியில் கேளுங்கள், அவர் சம்மதத்தோடு தருகிறோம். நாலு பக்கக் குறிப்பையும் எந்த ஆசிரியர் கேட்டாலும் அனுப்புவோம். அதில் விடுபட்டது ஏதாவது உங்கள் காலி உறவினர்களிடம் இருந்தால் எங்களுக்கும் சொல்லுங்கள், ஐந்தாம் பக்கம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.